டிஸ்க் டிரைவர் கேர்னலைக் கவிழ்த்தால்: தடயம் பிடிப்பதிலிருந்து திருத்தம் வரை

“அண்ணை, பெட்டி திரும்பவும் செத்துப் போச்சு.”

“ஸ்கிரீனைப் படம் எடுத்தனியோ?”

“இல்லை, பவரை அமத்தி நிப்பாட்டிப் போட்டன்.”

கிளிநொச்சியில் என் கடைப் பின்னறையில் நடந்த கதை இது. பெட்டி என்று தம்பி சொன்னது ஒரு லினக்ஸ் சேர்வரை. கலியாண வீடு, சாமத்திய வீடு என்று வன்னி முழுக்கப் படம் பிடிக்கிற நண்பர் ஒருவரின் வீடியோக்கள் அதில்தான் கிடக்கின்றன. உள்ளே நான்கு டிஸ்க்குகள், செக்கன்ஹான்டாக வாங்கிய ஒரு கன்ட்ரோலர் கார்ட், அந்தக் கார்ட்டுக்கென்று தனியாகக் கொம்பைல் பண்ணிப் போடவேண்டிய ஒரு டிரைவர் (கார்ட்டோடு லினக்ஸ் பேச உதவுகிற மென்பொருள்). லினக்ஸோடு வருகிற டிரைவர் அல்ல. பெரிய கோப்புகளைக் கொப்பி பண்ணும்போது, சில கிழமைகளில் இரண்டு தரம், சில கிழமைகளில் ஒரு தரமும் இல்லை, எல்லாம் அப்படியே உறைந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் எடுத்தது. ஒழுங்கான வரிசையில் போயிருந்தால் ஒரு கிழமையில் முடித்திருக்கலாம். அந்த வரிசையைத்தான் கீழே எழுதுகிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் தரவைக் காப்பாற்றுங்கள்

டிரைவரில் சந்தேகம் வந்த நிமிடமே அந்த டிஸ்க்குகளில் எழுதுவதை நிறுத்துங்கள். வாசிக்க மட்டும் என்று மவுன்ட் பண்ணி, முக்கியமானவற்றை வேறொரு டிஸ்க்குக்கு, வேறொரு கன்ட்ரோலர் வழியாக, எடுத்து வையுங்கள். கிராஷ் கண்ணுக்குத் தெரிகிற சேதம். அதே பிழை, கிராஷ் ஆகாத நாட்களில் பிழையான இடத்தில் பிழையான தரவைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம். ஏன் என்பது பின்னால் வரும்.

கையோடு ராமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட் ஓர் இரவு ஓடட்டும். ஒவ்வொரு தரமும் வேறு வேறு இடத்தில், சம்பந்தமே இல்லாத செயற்கூறுகளில் (ஃபங்ஷன்களில்) விழுந்தால் ராமையோ பவர் சப்ளையையோ சந்தேகியுங்கள். ஒரே இடத்தில், அல்லது ஒரே டிரைவரைச் சுற்றிச் சுற்றி விழுந்தால் தொடர்ந்து வாசியுங்கள். கரண்ட் ஏறி இறங்குகிற எங்கள் பக்கத்தில் யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். எது டிரைவர் விழுத்தியது, எது கரண்ட் விழுத்தியது என்று பிரிக்க முடியாமல் பைத்தியம் பிடிக்கும்.

என்ன வகையான சாவு?

கிராஷ் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வேறு விஷயங்கள் உண்டு.

ஊப்ஸ் என்பது கேர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, தொடக்கூடாத மெமரியைத் தொட்டு, அப்போது ஓடிய புரொசெஸ் (புரொகிராம்) மட்டும் கொல்லப்படுவது. மெஷின் நொண்டிக்கொண்டு ஓடும். பானிக் என்றால் முழுக்க நின்றுவிடும். சில கீபோர்ட்களில் கப்ஸ்லொக் விளக்கு மினுங்கும். இன்டரப்ட்டை, அதாவது கார்ட் போன்ற கருவிகள் அடிக்கிற மணியை, கவனிக்கிற இடத்தில் ஊப்ஸ் நடந்தால் அது நேரே பானிக்தான். மூன்றாவது ஹங்: ஒன்றும் விழவில்லை, ஆனால் டிஸ்க்கிலிருந்து பதில் வரவில்லை. அப்போது லொக்கில் (கேர்னல் எழுதுகிற பதிவில்) “120 விநாடிகளுக்கு மேல் தடைப்பட்டிருக்கிறது” என்ற வரி ஒரு புரொசெஸின் பெயரோடு வரும்.

என்விஎம்இ டிஸ்க் (பிசிஐ பஸ்ஸில் நேரே பூட்டுகிற எஸ்எஸ்டி) வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறுக்கு வழி. “கன்ட்ரோலர் இஸ் டவுன்” என்ற வரியும், பக்கத்தில் சிஎஸ்டிஎஸ் (டிஸ்க் கன்ட்ரோலரின் நிலை) பெறுமதி முழுக்க எஃப் எஃப் என்றும் இருந்தால், டிஸ்க் பிசிஐ பஸ்ஸிலிருந்தே காணாமல் போய்விட்டது. பதில் சொல்ல ஆள் இல்லாத முகவரியை வாசித்தால் எல்லா பிட்டும் ஒன்றாகத்தான் திரும்பி வரும். அனேகமாக மின்சேமிப்பு நிலைக்குப் போன டிஸ்க் திரும்பி எழும்பவில்லை. புதிய கேர்னல்கள் அந்த இடத்திலேயே என்ன செய்து பார்க்கலாம் என்றும் எழுதிவிடுகின்றன: என்விஎம்இ-கோர் மொடியூலின் (கேர்னலில் ஏற்றுகிற துண்டின்) டிஃபோல்ட்-பிஎஸ்-மாக்ஸ்-லேட்டன்சி என்ற அளவை 0 ஆக்குவது, பிசிஐஇ-ஏஎஸ்பிஎம் என்ற மின்சேமிப்பை நிறுத்துவது. இரண்டையும் கிரப்பில் (பூட் அமைப்பில்) போட்டு ஒரு கிழமை பாருங்கள். நின்றுவிட்டால் உங்களுக்கு இந்தக் கட்டுரை இங்கேயே முடிகிறது.

லொக்கை வெளியே கொண்டுவருவது

டிஸ்க் டிரைவர் கிராஷ் மற்றக் கிராஷ்களைவிடக் கஷ்டமானது இந்த இடத்தில்தான். சாட்சி எழுத வேண்டிய டிஸ்க்கே செத்துக் கிடக்கிறது. ரீபூட் பண்ணி ஜேர்னல்-சிடிஎல்லில் முந்திய முறை பூட் ஆனபோதைய லொக்கைத் திறந்தால், கிராஷுக்குச் சற்று முன் வரைக்கும் எல்லாம் சுகமாக இருக்கும், பிறகு வெள்ளை. பானிக் வரியையே பாருங்கள், “நொட் சிங்க்கிங்” என்று எழுதியிருக்கும். மெமரியில் கிடப்பதை டிஸ்க்கில் எழுதப்போவதில்லை என்று அது முகத்துக்கு நேரே சொல்கிறது.

அதனால் முதல் வேலையாக லினக்ஸையே அந்தக் கார்ட்டிலிருந்து வெளியே எடுங்கள். மதர்போர்ட்டின் சொந்த சாட்டா போர்ட்டில் ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, சிஸ்டத்தை அதில் வையுங்கள். கார்ட்டில் தரவு மட்டும் இருக்கட்டும். நான் இதை ஒரு மாதம் கழித்துத்தான் செய்தேன்.

அடுத்தது நெட்கொன்சோல். கேர்னலின் ஒவ்வொரு லொக் வரியையும் யூடிபி பக்கெட்டாக இன்னொரு கணனிக்கு அனுப்புகிற மொடியூல் இது, டிஸ்க்கைத் தொடாது. பழைய லப்டொப் ஒன்றை லான் கேபிளால் இணையுங்கள். வைஃபை வேலைக்கு ஆகாது, வயர்லெஸ் டிரைவர்கள் பெரும்பாலும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. மொடியூலை ஏற்றும்போது கொடுக்க வேண்டியவை: அனுப்புகிற ஐபி, லான் போர்ட்டின் பெயர், வாங்குகிற லப்டொப்பின் ஐபி, அதன் மாக் முகவரி. வாங்குகிற பக்கம் வழக்கமாக 6666ஆம் போர்ட். லப்டொப்பில் நெட்கட்டை யூடிபியில் அந்தப் போர்ட்டில் கேட்க வைத்து, வருவதை ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பிறகு சேர்வரில் டிமெசேஜ் கட்டளைக்கு மைனஸ் என் 8 என்று கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் முக்கியமான சின்ன வரிகள் கொன்சோலுக்கே வராது. லப்டொப் நித்திரைக்குப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு முதல் இரவு அப்படித்தான் வீணானது.

மூன்றாவது கேடம்ப். ஒரு துண்டு ராமை முன்கூட்டியே ஒதுக்கி, அதில் இரண்டாவது கேர்னல் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது. முதல் கேர்னல் விழுந்ததும் இரண்டாவது எழும்பி, முதலாவதின் மெமரியை அப்படியே கோப்பாக எடுக்கும். உபுண்டுவில் லினக்ஸ்-கிராஷ்டம்ப் என்ற பக்கேஜ் போதும். கிராஷ்கேர்னல் அளவை 256 எம்பியில் தொடங்குங்கள், டம்ப் எடுக்கும்போது மெமரி போதவில்லை என்றால் கூட்டுங்கள். இரண்டாவது கேர்னலும் அதே டிரைவரைத்தான் ஏற்றும். குழம்பிப்போன கார்ட்டைத் தொட்டு அதுவும் உறைந்துவிடலாம். ஆகவே டம்ப்பை அந்தக் கார்ட்டுக்கு அனுப்பாமல் சாட்டா எஸ்எஸ்டிக்கோ எஸ்எஸ்எச் வழியாக இன்னொரு கணனிக்கோ அனுப்புங்கள்.

கேர்னல்-பானிக்-ஒன்-ஊப்ஸ் என்ற அமைப்பையும் 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஊப்ஸுக்குப் பிறகும் மெஷின் நொண்டியபடி ஓடி, தடயத்தை மிதித்துக் கெடுக்கும். எல்லாம் முடிந்ததும் கார்ட்டிலுள்ள டிஸ்க்குகளை அன்மவுன்ட் பண்ணிவிட்டு, சிஸ்-ஆர்க்யூ டிரிகர் கோப்பில் சி என்ற எழுத்தை எழுதி நீங்களே ஒரு கிராஷ் பண்ணிப் பாருங்கள். சோதிக்காத கேடம்ப் வேலை செய்து நான் கண்டதில்லை.

ஒன்றும் இல்லாவிட்டால் போன் கமெரா. தம்பிக்கு நான் எழுதி ஒட்டிய பேப்பர் இப்போதும் பெட்டியில் இருக்கிறது: “முதல்ல படம். பிறகு பவர்.”

ஊப்ஸை வாசிப்பது

லொக் கைக்கு வந்ததும் கடைசி வரிக்கு ஓடாதீர்கள். பல ஊப்ஸ்கள் இருந்தால் முதலாவதுதான் உண்மை, மற்றவை அதன் பிள்ளைகள். டெயின்ட்டட் (கறைபட்டது) என்ற சொல்லுக்குப் பக்கத்தில் டி (D) எழுத்து இருந்தால் இதற்கு முன்பே ஓர் ஊப்ஸ் நடந்துவிட்டது, மேலே தேடுங்கள். டபிள்யூ இருந்தால் முன்பு எச்சரிக்கை ஒன்று வந்திருக்கிறது. ஓ இருந்தால் வெளியிலிருந்து வந்த மொடியூல் ஏறியிருக்கிறது. எங்கள் பெட்டியில் அந்த ஓ முதல் நாளிலிருந்தே இருந்தது.

அடுத்தது முகவரி. நல் பொயின்டர் (எதையும் காட்டாத முகவரி) என்று வந்து, முகவரி பதினாறடிமானத்தில் 28 (சாதாரணக் கணக்கில் 40) போன்ற சின்ன எண்ணாக இருந்தால், யாரோ வெறுமையான பொயின்டரை எடுத்து அதற்குள் 40ஆவது பைட்டில் இருக்கிற உறுப்பைத் தேடியிருக்கிறார்கள். எந்த ஸ்ட்ரக்சரில் (பல உறுப்புகள் சேர்ந்த தரவுத் துண்டில்) 40ஆவது பைட்டில் என்ன இருக்கிறது என்று பாஹோல் கருவி காட்டும். டெட் (dead) என்று ஆங்கிலத்தில் தொடங்கி 100 அல்லது 122 என்று முடிகிற முகவரி வந்தால், பட்டியலிலிருந்து கழற்றிய ஒன்றை இரண்டாந் தரம் கழற்றப் பார்த்திருக்கிறார்கள். 6பி6பி6பி (6B6B6B) என்று நிரம்பிய முகவரியைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

விழுந்த இடத்தைக் காட்டுகிற ஆர்ஐபி (RIP) வரியில் செயற்கூறின் பெயர், ஒரு கூட்டல், ஒரு எண், சாய்கோடு, இன்னொரு எண் இருக்கும். முதல் எண் செயற்கூறுக்குள் எத்தனையாவது பைட்டில் விழுந்தது என்பது, இரண்டாவது செயற்கூறின் மொத்த நீளம். சதுர அடைப்புக்குள் மொடியூலின் பெயர். இவற்றை அப்படியே கேர்னல் மூலத்தின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள எஃப்அடர்-டு-லைனுக்குக் கொடுத்தால் மூல வரியைக் காட்டும். மொடியூல் டிபக் தகவலோடு கொம்பைல் ஆகியிருக்க வேண்டும். நீளம் பொருந்தவில்லை என்று அது முறைப்பட்டால், நீங்கள் வைத்திருப்பது விழுந்த அதே மொடியூல் அல்ல. அதைத் திருத்தாமல் மேலே போகாதீர்கள், வேறு வரியை மணிக்கணக்காக முறைத்துப் பார்ப்பீர்கள். முழுத் தடத்தையும் ஒரேயடியாக மொழிபெயர்க்க டிகோட்-ஸ்டாக்டிரேஸ் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது.

கோல் டிரேஸில் (எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்ற தடத்தில்) கேள்விக்குறி போட்ட வரிகளை நம்ப வேண்டாம், அவை ஸ்டாக்கில் கிடந்த பழைய மிச்சங்களாக இருக்கலாம். ஐஆர்க்யூ என்ற அடையாளத்துக்குள் இருக்கிற வரிகள் இன்டரப்ட் நேரத்தில் நடந்தவை. எங்கள் தடம் முழுக்க அதற்குள்ளேதான் இருந்தது: கார்ட் “வேலை முடிந்தது” என்று மணியடித்திருக்கிறது, டிரைவர் எந்த வேலை என்று பார்க்கப் போய் விழுந்திருக்கிறது.

அந்த வரியைப் பார்த்ததும் நான் செய்தது பெரிய மடத்தனம். பொயின்டர் நல் என்றால் திரும்பிவிடு என்று ஒரு இஃப் போட்டேன். கிராஷ் குறைந்தது. நின்றுவிடவில்லை.

விழுந்த இடத்தை விட்டு மேலே நடப்பது

குளம் வான் பாய்கிற இடத்தில் நின்றுகொண்டு மழையைத் தேடினால் கிடைக்காது; அலைகரையையும் தாண்டிப் போக வேண்டும். கேர்னலிலும் விழுந்த வரி வான்தான். நெட்கொன்சோல் பிடித்துத் தந்த லொக்கை இந்த முறை பின்னாலிருந்து வாசித்தேன். விழுந்தது பூட் ஆகி 4849ஆவது விநாடியில். அதற்கு 7 விநாடி முன்னால், 4842இல், ஒரு வாசிப்புக் கட்டளையை அபோர்ட் பண்ணியதாகவும் (கைவிட்டதாகவும்) அது வெற்றி என்றும் டிரைவர் எழுதியிருந்தது. லினக்ஸின் ஸ்கசி அடுக்கு (டிஸ்க் கட்டளைகளைக் கையாளுகிற பகுதி) ஒரு டிஸ்க் கட்டளைக்கு வழக்கமாகக் கொடுக்கிற நேரம் 30 விநாடி. ஆக, அந்தக் கட்டளை 4812 அளவில் போயிருக்கிறது.

பிறகு டிஸ்க்கின் நலத்தைக் காட்டுகிற ஸ்மார்ட்-சிடிஎல்லில் டிஸ்க்குகளைப் பார்த்தபோது, ஒன்றில் வாசிக்க முடியாத செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னத் துண்டுகள்) காத்துக் கிடந்தன. சாதாரண டெஸ்க்டொப் டிஸ்க் கெட்ட செக்டரை விட்டுக்கொடுக்காது. 30 விநாடியைத் தாண்டியும் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்க்கும். ரெய்டுக்கென்று (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவதற்கென்று) செய்த டிஸ்க்குகள் சில விநாடிகளில் கைவிட்டு “முடியாது” என்று பதில் சொல்லும். மழை பெய்தது அங்கேதான்.

நான் அந்த டிஸ்க்கை மாற்றினேன். கிராஷ் நின்றது. நண்பரிடம் காசும் வாங்கிவிட்டேன். மூன்றாவது கிழமை, வேறொரு டிஸ்க்கில் அதே கதை. டிஸ்க் கெடுவது வழமை; அதற்குக் கேர்னல் சாகக் கூடாது.

டம்ப்புக்குள்ளே

கேடம்ப் கோப்பைத் திறக்க கிராஷ் என்ற பெயரிலேயே ஒரு கருவி இருக்கிறது. டிபக் குறியீடுகள் உள்ள விஎம்லினக்ஸ் கோப்பும் அதற்கு வேண்டும், ஓடிய கேர்னலின் அதே பதிப்பில். அது பெரிய டவுன்லோட். நான் நைட் டேட்டாவில் இறக்கினேன்.

உள்ளே போனதும் லொக் (log), பிடி (bt) என்ற கட்டளைகள், பிறகு மோட் மைனஸ் எஸ்ஸோடு டிரைவரின் பெயர் கொடுத்து அதன் குறியீடுகளை ஏற்றுங்கள். அதன் பிறகு ஸ்ட்ரக்ட் என்ற கட்டளையால் எந்த முகவரியிலிருக்கிற ஸ்ட்ரக்சரையும் பெயர் பெயராக வாசிக்கலாம். கேமெம் கட்டளைக்குச் சந்தேகமான பொயின்டரைக் கொடுத்தால், அந்தத் துண்டு இப்போது யாருக்காவது ஒதுக்கப்பட்டிருக்கிறதா, விடுவிக்கப்பட்டுவிட்டதா என்று சொல்லும். எங்களுடையது விடுவிக்கப்பட்டிருந்தது. டிரைவர் இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

திரும்ப விழுத்துவது

நினைத்த நேரம் விழுத்த முடியாத பிழையைத் திருத்தினேன் என்று சொல்வது வெறும் நம்பிக்கை. அந்தக் கெட்ட டிஸ்க்கை எறியாதீர்கள், உங்களிடமுள்ள மிகப் பெறுமதியான கருவி அதுதான். வெற்றுத் தரவோடு சோதனைப் பெட்டி ஒன்றில் கார்ட்டையும் அதையும் பூட்டுங்கள்.

பிறகு டைம்அவுட்டை, அந்த 30 விநாடியை, குறையுங்கள். சிஸ்எஃப்எஸ்ஸில் (/sys அடைவில்) ஒவ்வொரு ஸ்கசி டிஸ்க்கின் டிவைஸ் அடைவுக்குள்ளும் டைம்அவுட் என்ற கோப்பு இருக்கிறது. உள்ளே 30 என்று இருக்கும். அதை 2 ஆக்கி, எஃப்ஐஓ (fio) என்ற டிஸ்க் சோதனைக் கருவியால் அந்தக் கெட்ட செக்டர்களைச் சுற்றி ஓயாமல் வாசிக்க வையுங்கள். கிழமைக்கு ஒரு தரம் வந்த கிராஷ் எனக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்தது. கெட்ட டிஸ்க் இல்லாதவர்கள் கேர்னலின் பிழை புகுத்தும் வசதியால் போலி டைம்அவுட் உண்டாக்கலாம்.

இப்போது பூட் வரியில் ஸ்லப்-டிபக் என்பதற்கு எஃப், இசட், பி, யு (FZPU) என்ற நான்கு எழுத்துகளைக் கொடுங்கள். பி என்பது நஞ்சு: விடுவித்த மெமரி முழுவதையும் கேர்னல் 6பி என்ற பைட்டால் நிரப்பும். அடுத்த கிராஷில் முகவரி 6பி6பி6பி என்று வந்தால், விடுவித்த மெமரியிலிருந்து யாரோ ஒரு பொயின்டரை எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதைவிட நல்லது கேசான் (KASAN) என்ற மெமரிப் பிழை பிடிக்கிற வசதி, 4.0 பதிப்பிலிருந்து கேர்னலில் இருக்கிறது. இதற்குக் கேர்னலைத் திரும்பக் கொம்பைல் பண்ண வேண்டும். மேக் லோக்கல்மோட்கொன்ஃபிக் என்று கொடுத்து உங்கள் பெட்டிக்கு வேண்டிய மொடியூல்களை மட்டும் எடுங்கள், நேரம் பெருமளவு குறையும். வெயில் நேரத்தில் லப்டொப்பில் கொம்பைல் பண்ணாதீர்கள், பங்குனி சித்திரையில் அது சூட்டில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேசான் மெமரியில் எட்டில் ஒரு பங்கைத் தன் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும், மெஷினும் மெதுவாகும். பதிலுக்கு மூன்று தடங்கள் தரும்: யார் பிழையாகத் தொட்டது, யார் அந்த மெமரியை ஒதுக்கியது, யார் விடுவித்தது. விடுவித்தவர் அபோர்ட் செயற்கூறு. தொட்டவர் இன்டரப்ட் செயற்கூறு. இரண்டு மாதத் தலையிடி ஒரு ஸ்கிரீனில் வந்து நின்றது.

திருத்தம்

நடந்தது இதுதான். டிரைவர் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு சின்ன ஸ்ட்ரக்சரை ஒதுக்கி, அதன் முகவரியை இலக்கமிட்ட அட்டவணையில் வைக்கும். கார்ட் வேலையை முடித்ததும் அந்த இலக்கத்தைத் திருப்பிச் சொல்லும். டைம்அவுட் வந்தபோது அபோர்ட் செயற்கூறு கார்ட்டுக்கு “கைவிடு” என்று சொல்லிவிட்டு, அது கைவிட்டதா என்று பாராமல் ஸ்ட்ரக்சரை விடுவித்து, வெற்றி என்று மேலே அறிவித்தது. அட்டவணையில் பழைய முகவரி அப்படியே. கெட்ட செக்டரோடு மல்லுக்கட்டிய டிஸ்க் 37ஆவது விநாடியில் பதில் சொன்னது. கார்ட் மணியடித்தது.

நான் முதலில் போட்ட இஃப் ஏன் ஆபத்து என்பது இங்கே விளங்கும். அட்டவணையை வெறுமையாக்கி நல் பார்த்தால் கிராஷ் போய்விடும். ஆனால் அந்த இலக்கத்தை அதற்குள் புதிய கட்டளை ஒன்று எடுத்திருந்தால்? பிந்தி வந்த பழைய பதிலை டிரைவர் புதியதன் பதிலாக நினைத்து, வாசிக்காத தரவை வாசித்ததாக மேலே அனுப்பும். கார்ட் நேரடியாக எழுதுகிற மெமரிப் பக்கம் அதற்குள் வேறு யாருக்கோ போயிருந்தால் அங்கே எழுதும். ஒரு மணப்பெண்ணின் வீடியோவுக்குள் இன்னொரு வீட்டுச் சாமத்தியம். கிராஷ் வந்ததே எங்கள் நல்ல காலம்.

சரியான திருத்தம் அபோர்ட்டின் வாக்குறுதியில் இருக்கிறது. அந்தச் செயற்கூறு வெற்றி என்று சொன்னால், “இந்தக் கட்டளையை நானும் கார்ட்டும் இனித் தொடமாட்டோம்” என்று அர்த்தம். கார்ட் உறுதி சொல்லாவிட்டால் தோல்வி என்றுதான் திருப்ப வேண்டும். அப்போது ஸ்கசி அடுக்கு படிப்படியாக மேலே போகும்: டிஸ்க் ரீசெட், பிறகு பெரிய ரீசெட்கள், கடைசியில் கார்ட் முழுவதற்கும் ரீசெட். ரீசெட்டுக்குப் பிறகு பழைய பதில் வர வழியில்லை, அப்போது விடுவிக்கலாம். ஆகவே நான் மாற்றியவை: உறுதி வரும்வரை விடுவிக்காதது, இல்லாவிட்டால் தோல்வி திருப்புவது, அட்டவணையைத் தொடுகிற இரண்டு இடத்துக்கும் ஒரே ஸ்பின்லொக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடுகிற பூட்டு), தெரியாத இலக்கம் வந்தால் லொக்கில் சத்தமாக எழுதுவது. இருபது வரிகூட இல்லை.

ஐஓஎம்எம்யூ உள்ள மெஷினில் அதையும் இயக்கிவிடுங்கள். கார்ட் தனக்கு உரிமையில்லாத மெமரியில் எழுதப் பார்த்தால் தடுத்து, லொக்கிலும் எழுதும்.

உங்கள் டிரைவர் லினக்ஸோடு வருவதென்றால் வேறு வழியும் உண்டு. பழைய பதிப்பில் சுகமாக ஓடியது, புதியதில் விழுகிறது என்றால், எந்த மாற்றம் கெடுத்தது என்று தேடுகிற கிட் பைசெக்ட். இரண்டு பதிப்புகளுக்கு இடையில் பதினாலாயிரம் மாற்றங்கள் இருந்தாலும் ஒவ்வொரு தரமும் பாதியாக வெட்டுவதால் 14 தரம் கொம்பைல் பண்ணினால் போதும். பிறகு கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் யாருக்கு எழுத வேண்டும் என்று சொல்லும். டெயின்ட் இல்லாத கேர்னலில் விழுத்திக் காட்டி, முழு லொக்கையும் எழுத்தாக, படமாக அல்ல, அனுப்புங்கள். வெளி டிரைவர் ஏறிய கேர்னலின் ஊப்ஸை அங்கே எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

திருத்தியதைச் சோதிப்பது

கேசான் கேர்னல், கெட்ட டிஸ்க், 2 விநாடி டைம்அவுட், ஓர் இரவு முழுக்க எஃப்ஐஓ. எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடுகிற வெரிஃபை முறையில் ஓட்டுங்கள், கிராஷ் இல்லை என்பது மட்டும் போதாது. வாசிக்க முடியாது என்ற பிழை வரலாம், வர வேண்டும். பிழையான தரவு ஒரு பைட்டும் வரக்கூடாது. காலையில் லொக்கில் ரீசெட்கள் நிறைய இருந்தன, கேசான் வரி ஒன்றும் இல்லை.

உண்மைப் பெட்டிக்குப் போகும்போது கேசான் கேர்னலையும் ஸ்லப்-டிபக்கையும் எடுத்துவிடுங்கள். நெட்கொன்சோலும் கேடம்ப்பும் இருக்கட்டும். டிஸ்க்குகள் எஸ்சிடி-ஈஆர்சி என்ற அமைப்பை ஏற்குமானால் ஸ்மார்ட்-சிடிஎல்லில் 70, 70 என்று கொடுங்கள். 7 விநாடியில் கைவிடச் சொல்வது அது. பல டிஸ்க்குகள் கரண்ட் நின்று வந்ததும் இதை மறந்துவிடும், ஆகவே பூட் ஆகும்போதே ஓடுகிற மாதிரி வையுங்கள். ஏற்காத டிஸ்க் என்றால் மறுபக்கமாகச் செய்யுங்கள்: அதன் டைம்அவுட்டை 180 ஆக்குங்கள்.

சோதனைக்காக நீங்களே எழுதிவைத்த ஸ்கிரிப்டுகளையும் தேடிப்பாருங்கள். பெட்டியைத் திருப்பிக் கொடுத்து நாலாம் நாள் தம்பி போன் எடுத்தான். கிராஷ் இல்லை, ஆனால் கொப்பி ஆமை வேகத்தில் போகிறதாம், லொக் முழுக்க ரீசெட்டாம். போய்ப் பார்த்தால், டைம்அவுட்டை 2 ஆக்குகிற என் பூட் ஸ்கிரிப்ட் அங்கேயே இருந்தது.

“படம் எடுத்து வச்சிருக்கிறன் அண்ணை,” என்றான்.